பாதி வழியில் ஒரு கோழிக்கடை

வந்த கடிதத்துக்கு ஏழு நாட்களுக்குள் பதில் போக வேண்டும். முடிவு சொல்ல இயலாவிட்டால், "தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது" என்று ஓர் இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த அரசாங்க இலாகாவில் விதி இதுதான். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கும் எங்கள் ஆட்களிடம் இதே விதி எழுதப்படாமல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் குமாஸ்தாவானவர்களின் பிள்ளைகள் நாங்கள். எழுதப்படாத விதிக்கும் எங்களிடம் வரிசை எண் உண்டு. பெண்ணைப் பார்த்த ஒரு வாரத்துக்குள், நடுவில் நின்றவர் மூலம் சொல்லி அனுப்பிவிட வேண்டும். பிடித்தால் பிடித்தது. பிடிக்காவிட்டால் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டும். சாதகம் பொருந்திய பிறகுதானே பெண் பார்க்கவே வந்தீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது. நாகரிகமான பொய், இரண்டு பக்கமும் சேர்ந்து காப்பாற்றும் பொய்.

என் தங்கையின் விஷயத்தில் அந்தப் பொய்யைச் சொல்லக்கூட யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதைச் சொல்லுமுன் கோழிக்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண் பார்த்தது அங்கேதான்.

எழுபதுகளில் எனக்குக் கணக்குச் சோதனை வேலை. அலோர் ஸ்டாரிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை, எந்த ஊரில் அரசாங்க அலுவலகம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், இரண்டு நாள் உட்கார்ந்து, வவுச்சர்களைப் புரட்டி, எல்லாருடைய வெறுப்பையும் சம்பாதித்துக்கொண்டு திரும்ப வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. சாப்பாடுதான் தொல்லை. அரசாங்க விடுதிகளில் வெள்ளைக்காரன் விட்டுப்போன சூப்பை அதே சட்டியில் இன்னும் சுடவைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழர் வைத்திருந்த வாழையிலைக் கடைகளில் சோறு நன்றாயிருக்கும். ஆனால் சாம்பார் ஊற்றும்போதே விசாரணையும் தொடங்கும். "சார் எந்தப் பக்கம்? சிலோன் ஆளுங்களா? கல்யாணம் ஆச்சா? ஏன் சார் ஆகலே?" ரசம் வருவதற்குள் என் சாதி, சம்பளம், என் தாயார் எந்த நோயில் செத்தார் என்பது வரை அடுத்த மேசைக்குத் தெரிந்திருக்கும்.

அப்போதுதான் அந்த அமெரிக்கக் கோழிக்கடை ஊர் ஊராகக் கிளை திறந்துகொண்டு வந்தது. பெயர் தேவையில்லை. தைப்பிங்கில் இருந்த சிவப்பு நாற்காலிதான் அலோர் ஸ்டாரிலும். ஒரே விளக்கு, ஒரே குளிர், ஒரே பாட்டு. ஒரே கோழியைத்தான் துண்டு போட்டு எல்லா ஊருக்கும் அனுப்புகிறார்களோ என்று தோன்றும். கல்லாவில் நிற்கும் பெண் கேட்பது ஒரே கேள்வி: "மக்கான் சினி?" இங்கேயே சாப்பிடுகிறீர்களா என்று அர்த்தம். என்ன சொன்னாலும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு மனிதனை முகம் பார்க்காமல் சாப்பிட வைக்கும் கலை எங்கள் ஆட்களுக்கு இன்னும் பத்துத் தலைமுறைக்கு வராது. நான் அந்தக் கடைக்கு அடிமையாகிவிட்டேன். எந்த ஊருக்குச் சோதனைக்குப் போவது என்பதைக்கூட, அங்கே கிளை இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வேன். எல்லாக் கடையும் ஒன்றே என்று விளம்பரம் சொன்னாலும், பழகிய நாக்குக்கு வித்தியாசம் தெரியும். தைப்பிங்கில் எண்ணெய் மாற்ற மனசு வராது. அலோர் ஸ்டாரில் பன்னைக் கல்லில் செய்தார்கள். ஈப்போதான் சுத்தம்: தோல் மொறுமொறுவென்று, உள்ளே ஈரம் காயாமல்.

தங்கைக்கு அப்போது இருபத்தேழு வயது. பினாங்குத் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் பகுதியில் ஆபரேட்டர். அம்மா செத்த பிறகு வீட்டுச் சமையலும் அவள்தான். அப்பா ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரவில் இடியப்பமும் சொதியும் வேண்டும். கடையில் வாங்கிய இடியப்பம் நெஞ்சை அடைக்கும் என்பது அவருடைய வைத்திய முடிவு. தங்கையைக் கட்டிக்கொடுக்காமல் அண்ணன் கல்யாணம் செய்துகொள்வது எங்களிடம் வழக்கமில்லை. ஆக அவளுக்கு முடிந்தால்தான் எனக்கு.

கோலாலம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லண்டனில் படித்த கணக்காளர், ஒரே மகன், தாயோடு இருக்கிறார். நடுவில் நின்றவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. கல்யாணம் முடிந்தால் இரண்டு வீட்டிலும் பாலிசி எடுப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஓடித் திரிந்தார். எங்கே பார்ப்பது என்பதில் சிக்கல். எங்கள் வீடு, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் பிரியும் ஒரு சந்தில் இருந்தது. வெளியூர்க் கார் ஒன்று வாசலில் நின்றால் சந்து முழுக்கச் சன்னல் திறக்கும். அந்தக் கார் மறுபடி வராவிட்டால் வருடக்கணக்கில் பேசும். நான்தான் சொன்னேன், ஈப்போ பாதி வழி, அங்கே கோழிக்கடையில் சந்திக்கலாம் என்று.

ஏஜெண்டுக்கு மெத்தப் பிடித்துவிட்டது. "பேஷ் சார்! ஏர்கான் இருக்கு, பார்க்கிங் இருக்கு. பிடிக்கலேன்னா கோழிய தின்னுட்டு எழுந்து போயிடலாம் லா. யாருக்கும் நட்டமில்லே."

நாளை அவர்கள் குறித்து அனுப்பினார்கள். தங்கை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். "அண்ணா, அது புரட்டாசிச் சனி. சைவம்."

அப்பா பத்திரிகைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "நாள் குறிச்சது அவையள். அவையளுக்குத் தெரியாத புரட்டாசியோ?"

இடம் நாங்கள் சொன்னது, நாள் அவர்கள் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் யார் என்பதற்கு விதி இல்லை. உருளைக்கிழங்கு மசியலும் பன்னும் முட்டைக்கோசு சாலட்டும் இருக்கின்றன, சமாளிக்கலாம் என்று போனோம்.

விடியற்காலை ஃபெரியில் காரை ஏற்றி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போனோம். தங்கை அம்மாவின் கூறைச்சேலை கசங்காமலிருக்கப் பின் சீட்டில் முழங்காலை மடக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் தாமதமாக வந்தார்கள். மாப்பிள்ளை வீடு என்றால் தாமதம் என்பதும் எழுதப்படாத விதிதான். மாப்பிள்ளை உயரம், சிரித்த முகம், வந்ததும், "ஸாரி, தாப்பாவில் டயர் போய்விட்டது" என்றார். தாயார் எதற்கும் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர். உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க ஆரும் கொண்டுவந்து வைக்க மாட்டினமோ?"

"இல்லை, நாங்களேதான் எடுத்து வரவேணும்" என்று நான் எழுந்தேன்.

"நீங்கள் இருங்கோ." அந்த அம்மாள் தங்கையைப் பார்த்தார். "பிள்ளை, நீ போய் எடுத்துக்கொண்டு வாவன்."

வீட்டில் என்றால் பெண் கோப்பித் தட்டோடு அறையிலிருந்து வருவாள். எல்லாரும் நடையைப் பார்ப்பார்கள். இங்கே அந்தச் சடங்குக்கு வழியில்லை என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

தங்கை ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அப்பா பன் போதும் என்றார். அந்த அம்மாள், "அந்தக் கிழங்கு" என்று பக்கத்து மேசையைக் காட்டினார். மாப்பிள்ளை, "எனக்கு ரெண்டு துண்டு கோழி. கால் இருந்தால் நல்லது" என்றார். தங்கை ஒரு கணம் அவருடைய தாயைப் பார்த்தாள். தாயார் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அவள் கூறைச்சேலையோடு பள்ளிக்கூடப் பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள். கல்லாப் பெண், "மக்கான் சினி?" என்றாள், முகத்தைப் பார்க்காமல். தட்டைத் தூக்கிக்கொண்டு, சேலை கால் தடுக்காமல், ஒரு குழந்தை குறுக்கே ஓடியும் சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை எழுந்து தட்டை வாங்கினார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

அவர் கோழிக்காலை எடுத்துக் கடித்தார். அவர் நன்றாகக் கடித்து முடியும்வரை தாயார் பொறுத்திருந்தார்.

"பிள்ளைக்கு இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியாதோ?"

"தெரியும் மாமி. புரட்டாசிச் சனி."

"தெரிஞ்சோ மச்சம் மாமிசம் கொண்டுவந்தனீ?"

"அவர் கேட்டார்…"

"அவன் கேட்பான். சின்னப் பிள்ளை மாதிரி. கேட்டால் குடுக்கிறதோ? நாளும் கிழமையும் ஞாபகப்படுத்த ஒரு பொம்பிளை வேணுமெண்டுதானே கலியாணம் பேசுறம்."

மாப்பிள்ளை மென்றுகொண்டிருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். லண்டனில் இதற்குப் பாடம் இல்லை போலும். "அம்மா, விடுங்கோ" என்றார், மிக மெதுவாக. விழுங்கிவிட்டார். இரண்டாவது துண்டைத் தொடவில்லை.

அந்த அம்மாள் தன் கிழங்கு மசியலை எடுத்துக்கொண்டார். ருசித்துச் சாப்பிட்டார். ஒரு கிண்ணம் முடிந்ததும், "இது நல்லாயிருக்கு, இன்னொண்டு" என்று தங்கையை மறுபடி அனுப்பினார். அதன்மேல் ஊற்றியிருந்த பழுப்புக் குழம்பு எதில் காய்ச்சியது என்பது எனக்குத் தெரியும். கோழியைப் பொரித்த சட்டியின் அடியில் தங்குவதில். அந்த அம்மாள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் இலாகாவில் இல்லை. இரண்டாவது கிண்ணத்தையும் அவர் வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயண வாழ்க்கையில் இவ்வளவு ருசியாக நான் சாப்பிடாத சாப்பாடு வேறில்லை.

கை கழுவப் போன இடத்தில் மாப்பிள்ளையும் தங்கையும் சற்று நேரம் பேசினார்கள். அவள் சிரித்ததைத் தூரத்திலிருந்து கண்டேன். திரும்பும்போது ஃபெரியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்: "அவர் நல்லவர், அண்ணா. அம்மா என்றால் பயம். அது போகப் போகச் சரியாகும்."

"உனக்குச் சம்மதமா?"

"அவர்கள் சொல்லட்டும்."

அவர்கள் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது, தீபாவளி போனது. ஏஜெண்டைக் கேட்டால், "பேசிக்கிட்டு இருக்காங்க சார், பெரிய இடம் லா, அவசரப்படுத்தக் கூடாது" என்றார். அப்பா கடிதம் எழுதினார். ரயில்வே ஆங்கிலத்தில், ஈப்போவில் நடைபெற்ற சந்திப்பைக் குறிப்பிட்டு, தங்கள் முடிவை எதிர்பார்க்கிறோம் என்று. பிறகு முதல் நினைவூட்டல். பிறகு இரண்டாவது நினைவூட்டல். காணாமற்போன சரக்கு வேகனைத் தேடுகிறவரைப் போல, கோபமில்லாமல், அவசரமுமில்லாமல் எழுதினார். தங்கை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வருடம் அவளைத் தேடி இன்னொரு சம்பந்தம் வந்தது. துறைமுகத்தில் சுங்கக் குமாஸ்தா. கப்பல் விஷயமாக டிரங்க் கால் கேட்டுக் கேட்டு அவள் குரலைத் தெரிந்தவர். முறைப்படி தன் அக்காவை வீட்டுக்கு அனுப்பிக் கேட்டார். தங்கை அந்த அக்காவுக்குப் போட்ட கோப்பியில் சீனியை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

அப்பா மரியாதையாகப் பதில் சொன்னார். "கோலாலம்பூர் விஷயம் ஒண்டு தொங்கலில கிடக்கு, பிள்ளை. அது முடியாமல் இன்னொண்டைத் தொடுறது முறையில்லை."

குமாஸ்தாவின் பாட்டன் அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் என்பதை அப்பா வாயால் சொல்லவில்லை. கைவசம் ஒரு விதி இருக்கும்போது எவனும் உண்மையான காரணத்தைச் செலவழிக்க மாட்டான். காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்த அக்கா போனார்.

சில மாதம் கழித்து ஒரு நாள், தங்கை வேலை முடிந்து நேரே என் அலுவலகத்துக்கு வந்தாள். பசிக்கிறது என்றாள். பினாங்கு வீதியில் இருந்த கோழிக்கடைக் கிளைக்குப் போனோம். சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் சொன்னாள்.

"இன்றைக்கு ஈப்போ மாமிக்கு லைன் போட்டுக் குடுத்தேன்."

"எந்த மாமி?"

"கிழங்கு மாமி. கோலாலம்பூரிலிருந்து இங்கே கிரீன் லேனில் ஒரு வீட்டுக்கு. குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுது." தோலை உரித்துத் தனியாக வைத்தாள், கடைசியில் சாப்பிடுவதற்கு. "'பிள்ளையை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பாதி வழியில ஒரு கோழிக்கடை இருக்கு, நல்ல வசதி'ன்னு சொல்லுறா."

"லைன் கொடுத்தபின் ஆபரேட்டர்கள் கேட்கக் கூடாதே."

"விதி தெரியும் அண்ணா. புதுசா சேருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறதே நான்தான்." கோழியைப் பிய்த்தாள். "மூன்று நிமிஷம் முடிஞ்சுது. 'நீட்டிக்கலாமா அம்மா?'ன்னு கேட்டேன். 'ஓம் பிள்ளை, நீட்டு' எண்டா. நீட்டினேன்."

அன்றிரவு அப்பாவிடம் சொன்னாள். பதில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், சுங்கக் குமாஸ்தா வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நானும் சொன்னேன். அப்பா சொதியை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்களுக்குச் சொன்னவையோ?"

"இல்லை."

"வேற ஆருக்கோ சொன்னதை ஒளிச்சுக் கேட்டது பதில் ஆகுமோ? நீயும் அரசாங்கத்தில இருக்கிறாய்."

விதிப்படி அவர் சொன்னது சரி. அவருடைய வாழ்நாளில் அவர் ஒருபோதும் விதிக்குப் புறம்பாக நடந்ததில்லை. கொடுமை செய்ய அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. மூன்றாவது நினைவூட்டல் போனது. அடுத்த வைகாசியில் சுங்கக் குமாஸ்தா சுங்கை பட்டாணியில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டார். எங்களுக்கும் பத்திரிகை வைத்தார். தங்கை போய், வரிசையில் நின்று, மொய் எழுதிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு லீவு கிடைக்கும்போதெல்லாம் என்னோடு சோதனைப் பயணம் வருவாள். அவள் பகலில் ஊர் சுற்றுவாள். சாப்பாட்டுக்குக் கோழிக்கடையில் சந்திப்போம். என் சோதனை எல்லையும் நாடு முழுக்க விரிந்திருந்தது: மலாக்கா, குவாந்தான், கோத்தா பாரு. கிளைகள் பெருகிக்கொண்டே போயின. எங்களுக்கென்று ஒரு தர வரிசை வைத்திருந்தோம், அதில் சண்டையும் போடுவோம். குவாந்தானில் மிளகு கூட என்பாள். எனக்கு அதுதான் பிடிக்கும். சேலை கட்டிய பெண் ஒருத்தி, விறைப்பாக, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் மேசைகள் எல்லா ஊரிலும் தென்படத் தொடங்கின. எங்கள் ஆட்களுக்குள் அது வழக்கமாகிவிட்டது. "அதோ ஒன்று" என்பாள் தங்கை. "மாப்பிள்ளையைப் பார், வாயைத் திறக்க அம்மாவிடம் மனுப் போட்டிருக்கிறான்." ஒரு தடவை சிரம்பானில், ஒரு மாப்பிள்ளையின் தாய் பெண்ணைத் தட்டெடுக்க அனுப்பியபோது, இவள் எழுந்து போய் அந்தப் பெண்ணின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். என்னவென்று கேட்டேன். "கனமான தட்டு, கவனம் என்றேன்." அந்தப் பெண் தட்டை எடுக்காமலே வெளியே போய்விட்டது. இரண்டு குடும்பமும் வாசலில் சண்டை பிடிப்பதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நாங்கள் சாப்பிட்டு முடித்தோம்.

பினாங்குக்குப் பாலம் வந்தது; அப்பா ஃபெரிதான் உறுதி என்று சொல்லிக்கொண்டேயிருந்து, ஒரு நாள் இடியப்பத்துக்கு முன்னால் சாய்ந்து செத்துப்போனார். எனக்கு யாரும் பெண் பேச வரவில்லை. அந்த வயதில் யார் வருவார்கள்? தங்கை மேற்பார்வையாளராக உயர்ந்தாள். டிரங்க் கால் கேட்பவர்கள் குறைந்து போனார்கள். எல்லாரும் வெளியூர் எண்ணையும் தாங்களே சுழற்றிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் கடிதம். சந்து முழுக்கச் சிதறிக் கிடந்த தேங்காய்ச் சில்லுகளுக்குள் வளைந்து வளைந்து வந்த தபால்காரன் கொடுத்துவிட்டுப் போனான். அப்பா பெயருக்கு, இன்சூரன்ஸ் ஏஜெண்டு எழுதியிருந்தார். ஈப்போவில் நடந்த சந்திப்பின் தொடர்பாக, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பூரண சம்மதம் என்று தொடங்கியது, போன வாரம் பார்த்துவிட்டுப் போனவர்களைப் போல. தாமதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாப்பிள்ளை கட்டியிருந்த கிரீன் லேன் பெண், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டதாம். தாயார் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறாராம், வேலைக்காரிகள் நிற்பதில்லையாம். அன்றைக்கு நம் பெண் நடந்துகொண்ட விதத்தைத் தாயார் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சீதனம் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

தங்கை நின்றபடியே படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இதில் அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா, அண்ணா? கீழே, ஓரத்தில்?"

"இல்லை."

கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அதுவும் வெறுமையாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஓம் என்றால் நான் போய் அந்த மனுசியைக் குளிப்பாட்ட வேண்டும். இல்லை என்றால் உங்களுக்குச் சோறு ஆக்க வேண்டும். இதில் எதற்கு அண்ணா பென்ஷன் உண்டு?"

விதிப்படி இரண்டுக்கும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

பதிலை நான் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். தபாலட்டையில் தானே எழுதினாள்: "எனக்குச் சம்மதமில்லை." வாங்கிப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை, ஒரு அடித்தல் இல்லை. தபால்பெட்டி வரைக்கும் தனியாகப் போய்விட்டு, வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆக்கவில்லை, ஆக்கப்போவதுமில்லை என்றாள். அடுத்த மாதம் கோத்தா பாருவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அங்கே தனியாக ஒரு வீடு எடுத்திருக்கிறாள். என்னை அழைத்ததில்லை. நான் போனால் கோழிக்கடையில் வந்து சந்திப்பாள், சாப்பிடுவோம், எழுந்து போய்விடுவாள்.

அவள் பதில் அன்றைக்கே போனது. அவர்கள் பதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, தைப்பூசத்துக்கு மறுநாள்.